விசேஷத்துக்கு முதல்நாள் கலந்த ஐஸ்கோப்பி: மட்டக்களப்பு வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

ஏன் எழுதுகிறேன்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் சித்திரைக் கடைசியில் நடந்த விசேஷம் இது. வீட்டாரின் சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டிருக்கிறேன். பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பிப்பவள் என்பதாலும் பக்கத்து வளவில் இருப்பவள் என்பதாலும் குசினி வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் விசேஷ நாட்களுக்கு ஐஸ்கோப்பி செய்யும் வழக்கம் கூடி வருகிறது. அதை எப்படிச் சுவையாகச் செய்வது என்று சொல்லித்தர ஆளுக்குக் குறைவில்லை. எண்பது பேருக்குச் செய்து, வெயில் காலத்தில், கெடாமல் வைத்துக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வீடும் விசேஷமும்

மூத்த மகளின் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புனித நீராட்டு. பகலில் தண்ணீர் வார்த்து ஆலாத்தி எடுப்பது ஒரு கட்டம், பின்னேரம் பந்தலில் விருந்தினர் வருவது இன்னொரு கட்டம். வழக்கமாக வந்தவர்களுக்குப் போத்தல் சோடா உடைத்துக் கொடுப்பார்கள். இந்த முறை கொழும்பிலிருந்து வந்த தாயின் தங்கை, வீட்டிலேயே ஐஸ்கோப்பி செய்வோம் என்றார். தாய்க்கும் அது பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்த வசதி இரண்டு அடுப்பு, நடுத்தர அளவு பிரிட்ஜ் ஒன்று, பெரிய அலுமினியப் பானைகள், நல்ல தண்ணீர்க் கிணறு. தனியான ஆழ்உறைபெட்டி இல்லை.

கணக்கு இப்படிப் போட்டார்கள்: ஆளுக்கு 150 மில்லிலீற்றர், எண்பது பேருக்கு 12 லீற்றர்.

வெள்ளோட்டம்

விசேஷத்துக்குச் சில நாட்கள் முன்னதாக 2 லீற்றர் செய்து பார்த்தோம். தங்கை கொண்டுவந்த அளவு: 1.2 லீற்றர் தண்ணீர், 100 கிராம் கோப்பித்தூள், ரின்பால் (சீனி சேர்த்துச் சுண்டவைத்த பால்) ஒரு ரின், காய்ச்சிய பசும்பால் அரை லீற்றர், நாலு மேசைக்கரண்டி சீனி, கொஞ்சம் வனிலா.

கோப்பித்தூள் வீட்டுத் தூள். தாயின் மாமி, அதாவது பிள்ளையின் அப்பம்மா, கோப்பிக்கொட்டையோடு மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து வறுத்து இடித்து வைப்பவர். அந்தத் தூளில் போட்ட சுடுகோப்பிக்கு நிகரில்லை, நானே சாட்சி. ஆனால் குளிர்ந்த பிறகு நிலைமை வேறு. மல்லி கோப்பியை மறைத்துக்கொண்டு முன்னுக்கு நின்றது. வேர்க்கொம்பின் காரம் தொண்டையில் தங்கியது. எத்தனை தடவை வடித்தாலும் அடியில் மாவாக ஒரு படிவு கிடந்தது. மாமியிடம் இதை யாரும் சொல்லத் தயங்கினார்கள். கடைசியில் அவரே ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "இது சுடச்சுடக் குடிக்கிற தூள் புள்ள. ஐஸுக்கு வெறுங்கோப்பி வாங்குங்க" என்றார். முடிவு அவருடையது. வயதானவர்களுக்குச் சுடுகோப்பி அவருடைய தூளிலும், ஐஸ்கோப்பி கடையில் வறுத்து அரைத்த வெறும் தூளிலும் என்று தீர்ந்தது.

அடுத்தது இனிப்பு. சூடாக இருக்கும்போது கலவை திகட்டியது. குளிர்ந்த பின் அதே கலவை அளவாகத் தெரிந்தது. குளிரில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகவே எட்டும், ஆகவே சூட்டில் ருசி பார்த்துச் சீனியைக் குறைக்கவும் கூடாது, குளிரில் பார்த்துக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு ரின்னில் ஏறத்தாழ 400 கிராம் பால் இருக்கும், அதில் சேர்த்த சீனி மட்டும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், சுமார் 175 கிராம். அதோடு நாலு கரண்டிச் சீனி 50 கிராம். இரண்டும் 2 லீற்றரில் விழும்போது 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டுகிறது. இலங்கையில் 2016 முதல் போத்தல் பானங்களுக்கு நிறக்குறி போடுகிறார்கள். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சோடா வேண்டாமென்று வீட்டில் செய்கிற பானம் அந்தச் சிவப்புக்குள்ளேயே போய் விழுவதில் என்ன பயன்? மேலதிகச் சீனியை முழுதாக எடுத்துவிட்டு, கைப்பைத் தணிக்க ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போட்டோம். 9 கிராமுக்குச் சற்றுக் குறைந்தது. குடித்தவர்கள் யாரும் வித்தியாசம் கேட்கவில்லை.

மூன்றாவது ஐஸ். சாதாரண ஐஸ்கட்டி போட்ட கிளாஸ் சற்று நேரத்தில் தண்ணீராகிவிட்டது. வீட்டின் மூத்த மகன், பாலில்லாத கோப்பியையே ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைப்போம் என்றான். உருகினாலும் கோப்பிதான். நல்ல யோசனை, ஏற்றுக்கொண்டோம்.

அன்று செய்த 2 லீற்றரும் அன்றிரவே முடிந்தது. இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளோட்டம் சுவையை மட்டுமே சோதித்தது. வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது சோதிக்கப்படவேயில்லை. எல்லோரும் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றதால், எல்லாம் சரி பார்த்தாகிவிட்டது என்ற எண்ணம் வீட்டில் வந்துவிட்டது.

முதல்நாள் பின்னேரம்

விசேஷத்துக்கு முதல்நாள் நான் அந்த வீட்டில் இல்லை. நடந்ததைத் தாயும் தங்கையும் சொன்னபடி எழுதுகிறேன்.

பசும்பால் காலையில் வந்திருந்தது. மத்தியானம் காய்ச்சி மூடி வைத்தார்கள். பின்னேரம் கோப்பி தயாரானது. மாலை 7 மணியளவில், கோப்பி சுடச்சுட இருக்கும்போதே ஆறு ரின் பாலையும் மூன்று லீற்றர் பசும்பாலையும் ஒரே பானையில் ஊற்றிக் கலந்தார்கள். 12 லீற்றரும் ஒரே பானை.

ஏன் அப்படி என்று பிறகு கேட்டேன். தாய் சொன்ன காரணங்கள் மூன்று. விடிந்தால் பந்தல், பூ, தட்டு என்று கை ஓயாது. ஒரு இரவு ஊறினால் சுவை கூடும் என்று தங்கை சொல்லியிருந்தார். மூன்றாவதுதான் முக்கியமானது: "ரின்பால் மாசக்கணக்கா அலுமாரியில கிடக்கிற சாமான் டீச்சர். ஒரு ராவில கெடுமெண்டு ஆர் நினைச்ச?"

இந்த நினைப்பு அவருக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் மாணவிகளின் வீடுகளிலும் இதுவே. ரின்பால் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள சீனி. பாலைச் சுண்டவைத்துப் பெருமளவு சீனி சேர்க்கும்போது, மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் சீனி பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்கு வாழத் தேவையான தண்ணீர் அங்கே கிடைப்பதில்லை. அதே ரின்னை ஐந்தாறு மடங்கு தண்ணீரில் கரைத்த அந்த நிமிடமே காவல் போய்விட்டது. அதன் பிறகு பானையில் இருப்பது சீனி போட்ட சாதாரணப் பால். சாதாரணப் பாலை இரவு முழுக்கச் சித்திரைப் புழுக்கத்தில் வைக்க அந்த வீட்டில் யாரும் துணிந்திருக்க மாட்டார்கள்.

சூட்டோடு பிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று பானையை ஆறவிட்டார்கள். இரவு 10 மணிக்கும் தொட்டால் நல்ல சூடு. இதற்கு மேல் காத்திருக்க முடியாமல், பிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றிவிட்டுப் பானையை உள்ளே தள்ளினார்கள். நள்ளிரவு தாண்டி மின்சாரம் நின்றது. விடியப்புறம் 4 மணியளவில் திரும்பி வந்தது.

மின்சாரம் நின்றதால்தான் கெட்டது என்று பலர் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. 12 லீற்றர் சூடான பாலைக் குளிராக்குவது வீட்டுப் பிரிட்ஜுக்கு அளவு மீறிய வேலை. கரண்ட் நிற்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பானையின் நடுப்பகுதி பல மணிநேரம் இளஞ்சூட்டிலேயே கிடந்திருக்கும். பக்கத்தில் இருந்த யோக்கட் கப்புகளிலும் காலையில் தண்ணீர் பிரிந்து நின்றது. சூட்டுப் பானை மற்றச் சாமானையும் சூடாக்கியிருக்கிறது.

விடியற்காலையில் கண்டது

6 மணிக்குத் தாய் வந்து கூப்பிட்டார். பாடசாலைக் கூடத்தில் பாவிப்பது போன்ற ஒரு வெப்பமானி வீட்டில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போனேன். பானையின் நடுவில் 31 பாகை. உணவைச் சமைத்தபின் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளிச்சூட்டில் வைக்க வேண்டாம், 5 பாகைக்குக் கீழே அல்லது 60 பாகைக்கு மேலே வைத்திருங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் வீட்டுக் குசினிக்கும் சேர்த்துச் சொல்லும் அறிவுரை. இந்தப் பானை அந்த இரண்டுக்கும் நடுவில் எட்டு, ஒன்பது மணிநேரமாவது இருந்திருக்க வேண்டும்.

மேலே ஓரத்தில் சிறு நுரை. கரண்டியால் கிளறியபோது தூசுபோல வெள்ளைத் துகள்கள் சுழன்றன. மணத்தில் குறிப்பாக ஒன்றும் தெரியவில்லை. கோப்பியும் வனிலாவுமே மணத்தன. தங்கை ஒரு கரண்டி வாயில் வைத்து நல்லாத்தானே இருக்கிறது என்றார். மாமி நாக்கில் தொட்டுவிட்டு, கொஞ்சம் புளிக்குது என்றார். இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். கைப்பும் இனிப்பும் வாசனையும் சேர்ந்த பானத்தில் இலேசான புளிப்பு ஒளிந்துகொள்ளும். வெறும் பாலில் உடனே பிடிபடுவது இங்கே பிடிபடாது.

கொட்டுவதா, கொடுப்பதா

இந்த ஆய்வில் கடினமான இடம் இதுதான். ஆறு ரின் பால், மூன்று லீற்றர் பசும்பால், 600 கிராம் கோப்பித்தூள். விசேஷ வீட்டில் ஏற்கெனவே கடனும் கைமாற்றும் ஓடுகிற நேரம். "ஒருக்காக் கொதிக்க வச்சி எடுத்தாச் சரியாப் போயிடும் புள்ள" என்றார் மாமி. பழைய குழம்பைக் கொதிக்க வைத்து மறுநாளும் பாவித்த அனுபவத்தில் சொல்வது. அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை, காரணம் சொல்லித்தான் மறுக்க வேண்டும் என்று பட்டது.

சிறு சட்டியில் ஒரு கிளாஸ் அளவு எடுத்து அடுப்பில் வைத்தேன். கொதி வரும் முன்பே திரிந்து, திட்டுத் திட்டாகப் பிரிந்தது. கோப்பி தன்னளவிலேயே புளிப்புள்ள பானம். அதில் நல்ல பால் தாங்கி நிற்கும். பாலில் ஏற்கெனவே கொஞ்சம் புளிப்பு ஏறியிருந்தால் சூடுபட்டதும் உடைந்துவிடும். எல்லோர் கண்முன்னாலும் இது நடந்ததால் விவாதம் பாதி குறைந்தது.

ஆனால் ஒன்றை அப்போதே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். திரியாமல் கொதித்திருந்தாலும் அதைக் கொடுக்கச் சொல்லியிருக்க மாட்டேன். கொதி கிருமியைக் கொல்லும். சில கிருமிகள் பெருகும்போது விட்டுச்செல்லும் நஞ்சைக் கொதி அழிக்காது. கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்கு வரும் ஸ்டபிலோகொக்கஸ் அப்படிப்பட்டது. பாலிலும் பால்மாவிலும் வித்தாக ஒளிந்திருந்து, முதற்கொதியையும் தாண்டி முளைக்கும் பசிலஸ் சீரியஸ் இன்னொன்று. இரண்டும் சில மணிநேரத்தில் வாந்தியைக் கொண்டுவருபவை. பந்தலில் கைக்குழந்தையோடு வருபவர், கர்ப்பிணி, நீரிழிவுக்காரர், எழுபது கடந்த பெரியவர் எல்லோரும் இருப்பார்கள்.

தாய் கேட்டது ஒரே கேள்வி: "டீச்சர், குடுக்கிறதா, கொட்டுறதா? ஒண்டச் சொல்லுங்க." கொட்டுங்கள் என்றேன். மாமி எதுவும் பேசாமல் எழுந்து போனார். பின் வளவில் குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். கோழிக்கும் நாய்க்கும் வைக்கவில்லை. யோக்கட்டும் அதே குழிக்குள் போனது.

சோடாவுக்குத் திரும்பலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அது குறைவான தீர்வில்லை, நேரமில்லாவிட்டால் அதையே செய்திருக்க வேண்டும். ஆனால் முதல் ஆட்கள் வர 11 மணியாகும். கோப்பித்தூள் மீதமிருந்தது, ஊர்க்கடையில் ரின்பால் இருந்தது. மீண்டும் செய்வோம், ஆனால் பாலைக் கடைசி வரை தொடாமல் செய்வோம் என்று தீர்மானித்தோம்.

இரண்டாம் தடவை

கோப்பியையும் பாலையும் பிரித்ததுதான் முழு மாற்றமும். பாலில்லாத கோப்பியில் கிருமிக்குத் தீனி குறைவு, புளிப்பும் உண்டு. ரின் திறக்கப்படாத வரை அலுமாரியில் இருக்கலாம். பால்மாவும் அப்படியே. மூன்றும் சந்திக்கும் நேரத்தைக் குடிக்கும் நேரத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டத்தில் வைப்பது. பசும்பாலை இம்முறை சேர்க்கவில்லை. வேண்டிய அளவை வேண்டிய நேரத்தில் கரைத்துக்கொள்ளலாம் என்பதால் பால்மா.

தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, தூளைப் போட்டு, ஐந்தாறு நிமிடம் மூடிவைத்துத் துணியில் வடித்தோம். தூளோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் கைப்பு ஏறும். வடித்ததை ஒரே பானையில் விடாமல் இரண்டு லீற்றர் கொள்ளும் சில்வர் பாத்திரங்களாகப் பிரித்தோம்.

குளிரவைப்பதில் கிணறு பெரிய உதவி. சூட்டின் பெரும்பகுதியைக் கிணற்றுத் தண்ணீரே எடுத்துவிடும், அதற்கு ஐஸ் செலவழிக்கத் தேவையில்லை. அகன்ற தொட்டியில் பாத்திரங்களை இறக்கி, தண்ணீர் சூடாக ஆகக் கொட்டி மாற்றி, கோப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். அரைமணி கடக்கும்போது 36 பாகைக்கு வந்தது. அதன் பிறகே ஐஸ். உடைத்த ஐஸில் கல்லுப்புத் தூவி, பாத்திரத்தின் கழுத்துவரை சுற்றி நிரப்பினோம். உப்பு சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்கும் கீழே போகும். மீன்காரர் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. 9.30 மணிக்கு எல்லாப் பாத்திரமும் 6 பாகைக்குக் கீழே. மூடி, ரெஜிபோம் பெட்டிகளுக்குள் ஐஸோடு வைத்தோம். முதல்நாள் இரவு முழுக்க நடக்காத வேலை கிணற்றடியில் இரண்டு மணிநேரத்துக்குள் முடிந்தது.

அந்த ஐஸ் எந்த ஐஸ்

மகன் வாங்கி வந்தது மீனுக்குப் போடும் பாளம் ஐஸ். கடற்கரை ஊரில் சட்டென்று நிறையக் கிடைப்பது அதுதான். பந்தல் வேலைக்கு வந்த பையன்கள் சுத்தியலால் உடைத்து நேரே ஜக்கில் போட ஆயத்தமானார்கள். நிறுத்தினோம். மீன் ஐஸ் குடிதண்ணீரில்தான் செய்யப்பட்டது என்று நாங்கள் நம்பியிருக்க முடியாது. சாக்கில் சுற்றி, நிலத்தில் இழுத்து, மீன்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அது வரும். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லாம் சாகாது, பல உறங்கிக் கிடக்கும், உருகியதும் எழும்.

ஆகவே மீன் ஐஸ் பாத்திரத்துக்கு வெளியே மட்டும். கிளாஸுக்குள் மகன் உறைய வைத்த கோப்பிக் கட்டிகள் மட்டும். இரவு மின்சாரம் நின்றதில் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, ஆனால் உருகித் தண்ணீராகவில்லை, பாலும் இல்லை. பாவித்தோம். மீன் ஐஸ் அள்ளிய கை கழுவாமல் கிளாஸைத் தொடக்கூடாது என்பதற்காக அந்த வேலைக்கு இரண்டு பையன்களைத் தனியாக ஒதுக்கினார் தாய். நான் சொல்லாமலேயே அவர் செய்த ஏற்பாடு அது.

பந்தலில்

முதல் ஜக்கில் ஒரு சிக்கல் தெரிந்தது. ரின்பாலைக் குளிர்ந்த கோப்பியில் நேரே ஊற்றினால் அது கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முதலில் வாங்கியவர்களுக்குக் கைப்பு, கடைசியில் வாங்கியவர்களுக்குப் பாகு. வெள்ளோட்டத்தில் சூடாகக் கலந்ததால் இது தெரியவரவில்லை. இரண்டாவது ஜக்கிலிருந்து வரிசையை மாற்றினோம். கொதித்தாறிய இளஞ்சூட்டுத் தண்ணீர் கால் லீற்றரில் பால்மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அதில் ரின்பாலை விட்டு நன்றாக அடித்து, இன்னும் கால் லீற்றர் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து, கடைசியாகத்தான் குளிர்ந்த கோப்பி. கோப்பிக் கட்டிகள் சேர்ந்ததும் இளஞ்சூடு தெரியாமல் போனது. ஒரு ஜக் 2 லீற்றர், 150 மில்லிலீற்றர் படி பதின்மூன்று கப்.

கலந்த ஜக்கை அரைமணிக்குள் முடிப்பது, முடியாவிட்டால் மிச்சத்தைப் புது ஜக்கில் ஊற்றாமல் கொட்டுவது, ஒவ்வொரு தடவையும் ஜக்கைக் கழுவுவது என்று தங்கை பொறுப்பெடுத்துக்கொண்டார். ஆட்கள் குறைந்த நேரத்தில் பாதி ஜக்காகக் கலந்தார். பின்னேரக் கூட்டத்தில் அவர் தடுமாறியதை நான் காணவில்லை.

சிறு பிள்ளைகளுக்கு ஐஸ்கோப்பியே வேண்டாம் என்று எண்ணியிருந்தோம். ஒரு கப்புக்கு ஏழரைக் கிராம் தூள் விழுகிறது, அது பெரிய ஆளுக்கே கடுமையான கோப்பி. அவர்களுக்கு நன்னாரிச் சர்பத் இருந்தது. இருந்தாலும் பிள்ளைகள் கேட்டார்கள், அரைக் கப்பைப் பாலால் நிரப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ரின்பால் சேர்க்காமல் பால்மாவும் கோப்பியும் மட்டும் கலந்து தனி ஜக். கோப்பியும் பாலும் பிரிந்திருந்ததால்தான் இது முடிந்தது. முதல்நாளே கலந்த பானையிலிருந்து சீனியை யாராலும் எடுத்திருக்க முடியாது. மாமி தன் சுடுகோப்பியோடு திண்ணையில் இருந்தார், வயதானவர்களில் பெரும்பாலோர் அவரிடமே போனார்கள்.

பின்பு நடந்தது

விசேஷம் குறையின்றி முடிந்தது. அடுத்த இரண்டு நாளும் தாய் நெருங்கிய வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசும்போது வயிற்றுக் கோளாறு எதுவும் உண்டா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. இது எங்கள் முறை முழுதும் சரி என்பதற்குச் சான்றாகாது, அன்று தீங்கு நடக்கவில்லை என்பதற்கு மட்டுமே. கொட்டிய பானையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியாத ஒன்று. தெரிந்துகொள்ள எண்பது பேரின் வயிற்றைப் பந்தயம் வைக்க முடியாது.

இழப்பு வீட்டாரைத் தொட்டது. ஆறு ரின் பாலை இரண்டு தடவை வாங்கியதை மாமி சில நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். பால் கொட்டுவதைப் பாவமாக எண்ணி வளர்ந்தவர். "இனி முதல்நாளே கலக்க விடமாட்டன் கா" என்று பக்கத்து வீட்டாருக்குச் சொன்னவரும் அவர்தான்.

வைகாசியில், கச்சான் காற்றுப் பிடித்த நாட்களில், ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கு இந்த வீட்டாரிடம் தாகசாந்திப் பொறுப்பு வந்தது. ஐஸ்கோப்பி செய்வோமா என்று மகன் கேட்டான். தாய் மறுத்துவிட்டார். வீட்டுப் பந்தலில் யார் எப்போது வருவார் என்று தெரியும், ஜக் கணக்கில் கலக்கலாம். கோயில் வீதியில் கூட்டம் அலையாக வரும், வெயிலில் மணிக்கணக்காக நிற்கும், கலந்த பாலைக் குளிராக வைக்க வழியில்லை. கொதித்தாறிய தண்ணீரில் நன்னாரிச் சர்பத்தும் தேசிக்காய்த் தண்ணீரும் கொடுத்தார்கள். எனக்கு அந்தத் தீர்மானம், விசேஷ நாளில் பானையைக் கொட்டிய தீர்மானத்தை விடப் பெரிதாகப் படுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், இடம் பார்த்து எடுத்தது.

அடுத்த தடவைக்கு

வெள்ளோட்டம் செய்யும்போது ஒரு போத்தலை, விசேஷ நாளில் வைக்கப்போகும் அதே முறையில், அதே நேரத்துக்கு வைத்து மறுநாள் வெப்பமானியால் பார்க்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில் புறங்கையைப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் போத்தல் போலச் சில்லென்று இல்லாவிட்டால் அது குளிரவில்லை.

குடிக்கிற ஐஸை இரண்டு நாள் முன்பிருந்தே சேர்க்க வேண்டும். அன்று கோப்பிக் கட்டிகள் பின்னேரம் தீர்ந்துபோயின, கடைசி ஜக்குகள் வேண்டிய அளவு குளிராக இல்லை. உறைந்த கட்டிகளைப் பையில் போட்டுவிட்டுத் தட்டில் மறுபடி ஊற்றிக்கொண்டே வந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

இரவு ஊறினால் சுவை கூடும் என்று தங்கை சொன்னதில் உண்மை உண்டு. அதற்குப் பால் தேவையில்லை. கோப்பியை மட்டும் முதல்நாள் வடித்து, கிணற்றடியில் குளிரவைத்து, போத்தல்களில் நிரப்பி, பிரிட்ஜில் ஒரு தட்டில் படுக்கவைத்தால் மற்றச் சாமானுக்கும் இடம் இருக்கும். இந்த முறையைத் தாய் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாருக்கு மட்டும் செய்து பார்த்தார். அன்றைய கோப்பியை விட மென்மையாக இருந்தது என்கிறார். ஆடியில் தங்கை வீட்டில் நடக்கவிருக்கும் பிறந்தநாளுக்கு இப்படியே செய்வதென்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள், ரின்பால் வாங்கும் கணக்கு இந்த முறை தங்கையிடம்.